லாந்தரும் உச்சி வெயிலும்

ஜூன் 3, 2024, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் வந்து ஸ்டார்ட்டரைத் திறந்து, உள்ளே செத்துக் கிடந்த எறும்புகளைக் காட்டினார். இரண்டு நாள் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் ஒரு கைப்பிடி எறும்பு.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து மெஹருன்னிசா பேசினார். பழைய அமெரிக்கச் சிறுகதைத் தொகுதியில், நான் கேட்ட பேய்க்கதையையே எனக்கு ஒதுக்கிவிட்டார்களாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். நான் எங்கே கேட்டேன்? ஐந்து கதை சொன்னார்கள், ஒன்றைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆவுடையிடம் சொன்னபோது சிரித்தாள். "பேய்க்கதையா? பேயே கெடையாதுன்னு ஊருக்கே காட்டுன மனுசருக்கு வேற கதை கிடைக்கலியாக்கும்?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பழைய பெருமையை அவள் விட்டபாடில்லை. எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 4

ஆவுடை ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு டிவியை விட்டு அசையவில்லை. நான் மாடியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன்.

நம்ம அமெரிக்கன் (பெயர் அட்டையில் வரும், டைரியில் எதற்கு) படு கெட்டிக்காரர். அவர் எழுதிய காலத்தில் அவருடைய நாட்டுக்கே ஐம்பது வயது ஆகவில்லை. சிறுகதை என்று ஒரு சாமான் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரைக் குடியானவர்கள் பேசும் வம்பையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு, ஒரு பேய்க்கதையாகப் பண்ணி, இருநூறு வருஷமாக உலகத்தைப் படிக்க வைத்துவிட்டார்.

கதை இதுதான். ஒரு கிராமத்துக்கு வெளியூர் வாத்தியார் ஒருவர் வருகிறார். மில்காரர் மகள்மேல் ஆசைப்படுகிறார். அவளுக்கும் ஆசைதான். அவள்மேல் உள்ளூர் முரடன் ஒருவனும் கண் வைத்திருக்கிறான். ஆற்றில் செத்துப்போன ஓடக்காரன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு. ஒரு நாள் மணி பன்னிரண்டு அடிக்கும்போது வாத்தியார் லாந்தரோடு கரையில் வருகிறார். பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு வாத்தியாரை யாரும் பார்க்கவில்லை. முரடனுக்கும் மில்காரர் மகளுக்கும் கல்யாணம் நடக்கிறது. கூப்பிட்டது யார் என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் வைக்கிறார்: பிற்காலத்தில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும், கூப்பிடுகிற இடம் வந்தால் முரடன் எழுந்துபோய் விளக்குத் திரியைத் தூண்டிவிடுவான்.

கல்லூரியில் பாடம் நடத்தும்போது இந்த ஒரு வரியை வாசித்துவிட்டு நிறுத்தினால் வகுப்பே 'ஓ' என்று கத்தும். எத்தனை வருஷம் வாங்கியிருக்கிறேன் அந்தச் சத்தத்தை!

ஜூன் 6

'முரடன்' சரியில்லை. ஆசிரியர் அவனை அப்படியொன்றும் மோசமானவனாகக் காட்டவில்லை. 'துடிப்பான இளைஞன்' என்று மாற்றினேன்.

ஜூன் 8

முடித்துவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். நாலே நாளில் முடித்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், கை தானாக ஓடிற்று. ஆவுடையிடம் கொடுத்தேன். முப்பத்து மூன்று வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள், சிவப்புப் பேனா இல்லாமல் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்கமாட்டாள். இங்கிலீஷோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், மூலம் எங்கே என்று கேட்டாள். பதிப்பகம் அனுப்பியது கம்ப்யூட்டரில் இருக்கிறது, உனக்கு மாடி அலமாரியில் என் பழைய பாடப்புத்தகம் போதும், எடுத்துக்கொள் என்றேன்.

ஜூன் 9

மகன் பேசினான். பேரனுக்கு இரண்டாவது பல்.

ஜூன் 10

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவனை ஆவுடை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, வாத்தியாரு எதுக்கு லாந்தரைத் தூக்கிட்டுப் போறாரு?"

"இருட்டுல்லா."

"இருட்டா? 'உச்சிவேளை. தலைக்கு நேர் மேலே வெயில் நின்றது'ன்னு எழுதியிருக்கீங்க. உச்சி வெயில்ல லாந்தரா?"

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "முப்பது வருசத்துக்கு மேல இங்கிலீசு வாத்தியாரு! நடு ராத்திரியைப் பட்டப்பகலாக்கிட்டாரு!" என்று மகனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நானும் சிரித்தேன். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அமெரிக்கப் பேய்க்கு நடு ராத்திரி என்றால், எங்கள் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்தில் பேயும் மாடனும் நடமாடுவது உச்சிவேளையில். வெயில் நேராக விழுந்து, நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிற அந்த அரைமணி நேரம் குளத்தங்கரையில் ஆள் நடக்காது. பன்னிரண்டு மணி, பேய் என்று படித்ததும் எனக்குப் பகல் தோன்றியிருக்கிறது. வெயிலைப் பற்றி ஒரு முழு வாக்கியம் ஏன் சேர்த்தேன் என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 11

இன்றைக்கும் கூப்பிட்டாள். இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"புஸ்தகத்துல பேய் ஒரு தடவைதான் கூப்பிடுது. நீங்க ரெண்டு தடவைன்னு எழுதியிருக்கீங்க."

நம்ம ஊர் வாசகர்களுக்காகச் சேர்த்தேன் என்றேன். தனியே போகும்போது பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் மூன்றாம் தடவைக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும், பேயாக இருந்தால் மூன்றாம் தடவை கூப்பிடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் வாசித்தாள்: "'மூன்றாம் அழைப்புக்காக நின்றான். அது வரவில்லை. திரும்பிப் பார்த்தான். பனைகள் மட்டும் நின்றன.'" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அமெரிக்காவுக்குப் பனை எப்படிங்க போச்சு?"

அடடா, கை தவறிவிட்டது என்று நான் சிரித்தேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 12

கேஸ் சிலிண்டர் வந்தது. புழுக்கமாக இருக்கிறது என்று ஆவுடை நேற்று கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். அறையில் ஏசி இருக்கிறது.

சாயங்காலம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இந்தக் கதையை மொதல்ல எப்ப படிச்சீங்க?" ரிட்டயர் ஆகிற சமயத்தில் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தும் 1987 ஜூலை என்ற தேதியும் இருக்கின்றன. அது அவள் கையில்தான் இருக்கிறது.

ஜூன் 13

காலையில் சாப்பாட்டு மேஜையில் தட்டு இல்லை. புத்தகம் திறந்து கிடந்தது. பன்னிரண்டு அடிக்கிற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் இருந்தது:

உச்சிவேளை. குளத்தங்கரை. ரெண்டு தடவை மட்டும்.

என் கையெழுத்துத்தான். இப்படி எழுதியதே எனக்கு நினைவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"குஞ்சிதபாதம்" என்றாள் ஆவுடை.

எங்கள் வீட்டில் முப்பத்தாறு வருஷமாக யாரும் சொல்லாத பெயர். எங்கள் கல்லூரிக்குச் சரித்திர விரிவுரையாளராக மாயவரத்திலிருந்து வந்தவன். ஒல்லி, சாது. எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவான். கல்லூரி ஹெட் கிளார்க்காக இருந்தவர் ஆவுடையின் அப்பா. அவருக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போய், ஜாதகமும் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு நாள் குறித்திருந்தார். கல்லூரி நூலகத்தில் அப்போது தற்காலிக வேலையில் இருந்த ஆவுடைக்கும் சம்மதம். நானும் அதே கல்லூரியில்தான் இருந்தேன். எனக்கு அவள்மேல் இருந்த ஆசையை யாரிடம் சொல்வது?

"அவரைக் கூப்பிட்டது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"விளையாட்டுக்கு. ஒரு நாள். ஒரே ஒரு நாள்" என்றேன்.

ஜூன் 14

இரண்டு நாளாகச் சமையல் நான்தான். இன்று சோறு குழைந்துவிட்டது. அவள் தன் பங்கை வாங்கி மொட்டைமாடியில் போய்ச் சாப்பிட்டாள்.

டைரியிலாவது சரியாக எழுத வேண்டும். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் குளத்தங்கரைக் குறுக்குவழியில்தான் அறைக்குப் போவான். மாடன் பீடத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவன் பனைகளைத் தாண்டும்போது, தொண்டையை மாற்றி "குஞ்சிதபாதம்... குஞ்சிதபாதம்..." என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். மூன்றாம் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் வைத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பாவம், அப்படியே நிற்பான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

ஜூன் 15

ஆவுடை இன்று பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"அவரு லைப்ரரிக்கு வந்தாரு. செருப்பு இன்னும் கையில இருக்கு. 'என்னை யாரோ கூப்பிடறாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு நிறுத்திடறாங்க. எனக்குப் பேய்ல நம்பிக்கை இல்லைங்க. ஒரு ஆளோட குரல் மாதிரித்தான் கேக்குது. நீங்க ஒரு நாள் என்கூட வந்து பாருங்களேன்'னாரு. நான் போயிருக்கணும். போகலை. பயந்துபோயி அப்பாகிட்ட சொன்னேன். அப்பா அன்னைக்கே பேச்சை முறிச்சிட்டாரு."



"அதுக்கப்புறம் நீங்க வந்தீங்க" என்றாள்.

ஆமாம், வந்தேன். குளத்தங்கரையில் பேய் இருக்கிறதா, நான் போய்ப் பார்க்கிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் சவால் விட்டேன். உச்சிவேளையில் பாதிக் கல்லூரி வந்து நின்று பார்க்க, பீடத்திலிருந்து மதகுவரை தனியே நடந்தேன். நடுவில் நின்று என் பெயரை நானே உரக்கக் கூவினேன். ஒன்றும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடும்? எல்லாரும் கை தட்டினார்கள். ஆம்பளைன்னா இப்படி இருக்கணும் என்றார் ஆவுடையின் அப்பா. ஆவுடை நூலக வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

"அந்தத் தைரியத்தைப் பாத்துத்தான நான் சரின்னேன். எம் பிள்ளைக்கிட்ட எத்தனை தடவை அதைப் பெருமையா சொல்லியிருக்கேன்!" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஜூன் 16, ஞாயிறு

இன்றும் அவள் சாப்பாடு மொட்டைமாடியில்தான்.

ஜூன் 17

மூன்று நாள் இல்லை. பதினொரு நாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கும் அர்த்தம் கிடையாது. பதினொன்றாம் நாள் அவன் வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டு, வெளியே போய் யார் கூப்பிட்டது என்று கேட்டிருக்கிறான். அப்போது நான் கூப்பிடவே இல்லை. நான் என் வகுப்பில் இருந்தேன். பிரின்ஸ்பால் தந்தி கொடுத்து, மாயவரத்திலிருந்து அவன் தங்கை புருஷன் வந்தார். நல்ல மனிதர். என்னைத் தேடிவந்து, "சார், நீங்கதான் அவனோட பழகினவராம். கொழப்பம் இந்தக் குரல் சமாசாரத்துல ஆரம்பிச்சதா, முன்னாடியே இப்படித்தான் இருந்தானா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இது: "வந்த நாள்லேருந்தே கொஞ்சம் ஒரு மாதிரிதாங்க. தனியா பேசிக்குவாரு."

அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்று சாயங்கால ரயிலில் படுக்கைச் சுருளோடு அவனை ஏற்றிக்கொண்டு போனார். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நானும் போனேன்.

இதை ஆவுடையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 18

மெஹருன்னிசா நினைவூட்டினார். உட்கார்ந்து திருத்தினேன். உச்சிவேளையை நடு ராத்திரி ஆக்கினேன். வெயில் வாக்கியத்தை அடித்தேன். இரண்டு அழைப்பை ஒன்றாக்கினேன். பனைகளை எடுத்தேன். 'துடிப்பான இளைஞன்' வந்த பதினாறு இடங்களிலும் மறுபடி 'முரடன்' என்று போட்டேன். இப்போது மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஒத்துப்போகிறது. அனுப்பிவிட்டேன்.

இந்த அமெரிக்கன்மேல் எனக்கு இப்போது ஒரே ஆத்திரமாக வருகிறது. காணாமல் போன வாத்தியார் எங்கே போனார், என்ன ஆனார் என்று அந்த ஆள் கவலையே படவில்லை. போனார், அவ்வளவுதான். முப்பது வருஷம் பாடம் நடத்திய நானும் ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. ஒரு மாணவனும் கேட்கவில்லை.

ஜூன் 19

ஆவுடை தன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். இறக்கினேன். அடியில், மஞ்சள் தடவிய உறையில் குஞ்சிதபாதத்தின் ஜாதக நகல் இருந்தது, பின்னால் மாயவரம் விலாசத்தோடு. அவளுடைய பழைய மாணவி ஒருத்தி அந்த ஊரில் வங்கியில் வேலை பார்க்கிறாளாம். அவளுக்குப் போன் செய்து விலாசத்தைச் சொன்னாள்.

அப்போதே, பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே, பதினொரு நாள் என்பதையும் தங்கை புருஷனிடம் நான் சொன்னதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பெட்டியை மூடினாள். என்னை அடித்துவிடுவாளோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "தள்ளி நில்லுங்க" என்றாள்.

ஜூன் 20

மாணவி நம்பர் அனுப்பிவிட்டாள். அதே தெரு, அதே வீடு. தங்கை பெயர் அபயாம்பாள். அவள் புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகிறதாம். வேறு விவரம் எழுதவில்லை.

நாளைக் காலை பேசப்போகிறேன், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்றாள் ஆவுடை. இருக்கிறேன் என்றேன். இப்போது எழுத்து கோணலாக விழுகிறது. அவன் இறந்துபோயிருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

காலை பத்து மணி. ஆவுடை குளித்து, நல்ல சேலை கட்டி, மேஜையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"யாருங்க பேசறது?"

ஆவுடை ஊர்ப் பெயரைச் சொன்னாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

"தெரியும். அண்ணனுக்குப் பாத்த பொண்ணு" என்றார் அபயாம்பாள். "இத்தினி வருஷம் கழிச்சு எதுக்கும்மா?"

"ஒண்ணு சொல்லணும் அக்கா. கோவப்படாம கேளுங்க. உங்க அண்ணனை எங்க ஊர்க் குளத்தங்கரையில கூப்பிட்ட குரல் இருக்குல்லா, அது நெசக் குரல். பேயி கூப்பிடலை. அவருக்கா தோணவும் இல்லை. ஒரு ஆளு ஒளிஞ்சு நின்னு கூப்பிட்டிருக்கு. பதினொரு நாளு. அந்த ஆளு இப்ப எம் பக்கத்துலதான் இருக்காரு."

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திரை குடுக்கறேம்மா" என்றார் அபயாம்பாள். "முப்பத்தாறு வருஷமா நான்தான் குடுக்கறேன். மொதல்லல்லாம் வேண்டாம்பான். நெசமாவே கூப்பிட்டாங்க அபயம், நம்புடீம்பான். எங்க வீட்டுக்காரரு கையைப் பிடிச்சிக்குவாரு, நான் வாயில போடுவேன். அப்பறம் அவனே வாங்கிப் போட்டுக்க ஆரம்பிச்சிட்டான். இன்னிக்குக் காலையிலகூட குடுத்தேனே..."

ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அபயாம்பாள் போனைக் கையில் வைத்தபடியே வீட்டின் உட்பக்கம் பார்த்துக் கத்தினார். அவ்வளவு சத்தம் அந்த வயதில் எப்படி வந்ததோ.

"அண்ணே! அண்ணே, இங்க வா! உனக்குப் பைத்தியம் இல்லையாம்ணே!"

செருப்பில்லாத கால் தரையில் மெல்ல உரசி வருவது கேட்டது. வந்து நின்றது. வயசான குரல், நிதானமான குரல், அதே மரியாதை.

"யாரும்மா சொல்றாங்க?"

ஆவுடை போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி, என் பெயரைச் சொன்னேன்.